மலையில் கலெட் சுடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அச்சுத் தட்டு வேண்டாம், மாவைத் தேய்த்து நடுவில் பழத்தைப் பரப்பி ஓரத்தை மடித்துச் சுட்டால் கலெட். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு வெண்ணெய் உருகி வழிகிற தொல்லை கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் முதல் தவறு வருகிறது: இந்தக் குளிரில் ஃபிரிட்ஜ் எதற்கு என்று பிசைந்த கையோடு தேய்த்துவிடுகிறார்கள். மாவை அரை மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வைப்பது வெண்ணெய்க்காக மட்டும் இல்லை, பிசைந்த மாவின் இழுவை அடங்கவும்தான். அடங்காத மாவு தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும், ஓவனுக்குள் போயும் சுருங்கும்.

அளவு 200 கிராம் மைதாவுக்கு 120 கிராம் வெண்ணெய். சப்பாத்திக்குப் பிசைவது போல அழுத்திப் பிசையாதீர்கள். வெண்ணெய் பட்டாணி அளவில் அங்கங்கே தெரிய வேண்டும், சூட்டில் அதிலிருந்து கிளம்பும் ஆவிதான் அடுக்குகளைப் பிரிக்கிறது. சாரல் மாதங்களில் மாவே ஈரம் இழுத்திருக்கும் என்பதால் ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாக விடுங்கள். வீட்டில் கடைந்த வெண்ணெயில் தண்ணீர் அதிகம், நன்றாகப் பிழிந்துவிட்டுப் போடுங்கள்.

பெரிய சொதப்பல் பழத்தில்தான். பிளம்ஸை நறுக்கிச் சர்க்கரையில் புரட்டி வைத்துவிட்டு மாவு தேய்க்கப் போனால், திரும்பி வரும்போது கிண்ணம் முழுக்கச் சாறு நிற்கும், அதை அப்படியே கொட்டினால் அடிப்பாகம் வேகாது. சர்க்கரையைக் கடைசியில் சேருங்கள், கூடவே ஒரு ஸ்பூன் சோளமாவு (கார்ன்ஃப்ளோர்), பழத்துக்கு அடியில் கொஞ்சம் வறுத்த ரவை. நாட்டுப் பேரிக்காய் இதற்கு நேர்மாறு, கல் மாதிரி இருக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் அங்கே சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பழம் வேகவும் கூடுதல் நேரம் பிடிக்கும். மெல்லிசாக நறுக்கி, வாணலியில் பாதி வேகவைத்து ஆறிய பிறகு பரப்புங்கள்.

ஓரம் லேசாகச் சிவந்ததுமே எடுத்துவிடுவதும் தவறு. 200 டிகிரியில் 20 நிமிடம் சூடாக்கிய ஓவனில், கீழ்த்தட்டில், 40 நிமிடமாவது இருக்கட்டும். நல்ல பழுப்பு நிறம் வரவேண்டும், நடுவில் சாறு குமிழியிட வேண்டும். வெளியே எடுத்த பிறகும் அரை மணி நேரம் கை வைக்காதீர்கள், அப்போதுதான் சாறு இறுகும். அப்புறம், மிச்சம் மறுநாள் மேகமூட்டத்தில் நமத்துப்போனால் மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், ஓவனில் 180 டிகிரியில் 10 நிமிடம் போதும்.