லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? பழைய டீசல் எஸ்யூவியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் பழைய டீசல் எஸ்யூவிக்கு என்றும் மதிப்பு உண்டு. ஃபார்ச்சூனரோ பஜேரோ ஸ்போர்ட்டோ எம்யூ-எக்ஸோ, செம்பனைக் காட்டுச் செம்மண் சாலையில் உர மூட்டையும் சுமக்கும். தைப்பூசத்துக்குக் குடும்பத்தைப் பினாங்குக்கும் கொண்டுபோகும். விற்பவர் சொல்லும் ஒரு வாக்கியத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது: “அண்ணன், லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடும்.” எந்தச் சாலையில், எந்த வேகத்தில், எப்படி அளந்தது என்று நாம் கேட்பதில்லை. மூன்று மாதம் கழித்து வண்டியைத் திட்டுகிறோம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, டீசல் மலிவு என்ற பழைய கணக்கோடு வாங்கப் போவது. தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10 அன்று டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. அதன் பிறகு சந்தையை ஒட்டி மாறி வருகிறது. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 21.5 சென் ஆன செலவு, ஒரே நாளில் 33.5 சென் ஆனது. பெட்ரோல் பக்கமோ நிலைமை வேறு. 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி95 மானியத் திட்டத்தில் மலேசியருக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட். இந்த விலையில் லிட்டருக்கு 9 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் பெட்ரோல் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 22 சென் ஆகிறது. டீசலை 3 ரிங்கிட் என்று வைத்தால், லிட்டருக்கு 11 கிலோமீட்டர் ஓடும் டீசல் வண்டிக்கு 27 சென். குறைவாகக் குடிக்கும் வண்டிக்கு அதிகச் செலவு! அரசின் புடி மடானி டீசல் உதவித்தொகை உண்டே என்பவர்கள், அது வருமானத்தையும் வாகனத்தையும் பொறுத்தது என்பதை மறக்க வேண்டாம். தங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். டீசலின் இழுவை உங்களுக்கு உண்மையிலேயே தேவையென்றால் தாராளமாக வாங்குங்கள். சிக்கனத்துக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால், இந்தக் கணக்கை அந்த வாரத்து விலையில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அடுத்தது, அளக்கும் முறை. விளம்பரத் தாளில் இருக்கும் எண்ணை நம்பிப் பயனில்லை. ஐரோப்பாவில் 2017 வரை புதிய மாடல்களுக்குப் பயன்பட்ட என்இடிசி எனும் எரிபொருள் சோதனை, ஆய்வகத்துக்குள் உருளைகளின் மேல் ஏறக்குறைய 20 நிமிடம், 11 கிலோமீட்டர், சராசரியாக மணிக்கு 34 கிலோமீட்டர் வேகத்தில், குளிரூட்டியை அணைத்துவிட்டு நடத்தப்பட்டது. நம் ஊர் வெயிலில் குளிரூட்டி இல்லாமல் யார் ஓட்டுகிறார்கள்? முன்பலகையில் தெரியும் சராசரியும் பெரும்பாலும் உண்மையைவிடச் சற்று இனிமையான எண்ணையே காட்டும்.

தொட்டியை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிடுவதுதான் நம்பத்தக்க வழி. அதிலும் ஓர் இடறல் இருக்கிறது. டீசல் நுரைக்கும்; குழாய் தானாக நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். அந்த வேறுபாடு 2 லிட்டர் என்றால், 20 லிட்டர் நிரப்பியவருக்கு அது 10 விழுக்காட்டுப் பிழை. 60 லிட்டர் நிரப்பியவருக்கு 3 விழுக்காடுதான். ஆகவே 50 ரிங்கிட், 50 ரிங்கிட்டாக டீசல் போட்டுக்கொண்டு கணக்குப் பார்ப்பது வீண் வேலை. தொட்டியைக் கால்வாசிக்கு இறக்கி, அதே நிலையத்தில் அதே குழாயில் நிரப்புங்கள். குழாய் முதன்முறை நின்றதும் நிறுத்துங்கள். அடுத்தடுத்து மூன்று நிரப்பல்களின் சராசரியைப் பாருங்கள்.

கிடைத்த எண்ணை 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுவது நல்லது. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு கண்ணை ஏமாற்றும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 8 கிலோமீட்டரிலிருந்து 10-க்கு உயர்ந்தால் 25 லிட்டர் மிச்சம். அதே வண்டி 12-இலிருந்து 14-க்கு உயர்ந்தால் 12 லிட்டர்கூட மிச்சமில்லை. இரண்டும் “இரண்டு கிலோமீட்டர்” முன்னேற்றம்தான். பணப்பையில் தெரிவது வேறு.

பழைய எஸ்யூவியில் டயரை யாரும் கவனிப்பதில்லை. முந்தைய உரிமையாளர் அழகுக்காகப் பெரிய டயர் மாட்டியிருப்பார். 265/65 ஆர்17 இருந்த இடத்தில் 265/70 ஆர்17 மாட்டினால் விட்டம் 3.4 விழுக்காடு கூடுகிறது. வண்டி உண்மையில் 103.4 கிலோமீட்டர் ஓடியிருக்க, மானி 100 என்று காட்டும். உங்கள் கணக்கில் வண்டி இல்லாத பழியைச் சுமக்கும். மறுபக்கம், கட்டை கட்டையான பற்கள் கொண்ட சேற்று டயராக இருந்தால் அது உண்மையிலேயே அதிகம் குடிக்கும். இரண்டையும் பிரித்தறிய, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் பலகைகளோடு மானியை ஒப்பிட்டுப் பாருங்கள். காற்றழுத்தமும் முக்கியம். செம்மண் சாலைக்காகக் குறைத்துவிட்டு அப்படியே நெடுஞ்சாலை ஏறுகிறவர்கள் பலர். ஒவ்வொரு 1 பிஎஸ்ஐ குறைவுக்கும் எரிபொருள் சிக்கனம் சுமார் 0.2 விழுக்காடு குறையும். டயரின் சூடும் தேய்மானமும் அதைவிடக் கவலைக்குரியவை.

பிறகு, நாம் ஓட்டும் விதம். தோட்டப்புற நகரத்து வாழ்க்கை முழுவதும் குட்டிப் பயணங்கள்: வீட்டிலிருந்து சந்தை, சந்தையிலிருந்து கோயில், கோயிலிலிருந்து வீடு. டீசல் எஞ்சின் சூடேற நேரம் எடுக்கும். குளிர்ந்த எஞ்சின் எண்ணெயோடு ஓடும் முதல் சில கிலோமீட்டர்களில் அதன் பசி மிக அதிகம். புகைக்கரி வடிகட்டி உள்ள புதிய மாடல்களுக்கு இது இன்னும் கேடு. சேர்ந்த கரியை எரிக்கக் கூடுதல் டீசல் செலவாகும். எரித்து முடிப்பதற்குள் வண்டியை அணைத்துவிட்டால் வேலை அரைகுறையாக நிற்கும். அன்றாடம் 5 கிலோமீட்டர்தான் ஓட்டுவீர்கள் என்றால், அத்தகைய வண்டியை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

தமிழ்ப்பள்ளி வாசலில் குளிரூட்டியை ஓடவிட்டுக் காத்திருப்பதையும் சொல்ல வேண்டும். இரண்டரை லிட்டர் டீசல் எஞ்சின் சும்மா நின்று ஓடினாலே மணிக்கு ஏறக்குறைய 1 லிட்டர் போகும். தினமும் அரை மணி நேரம் என்றால், மாதத்தின் 20 பள்ளி நாள்களில் 10 லிட்டர். ஓடிய தூரம் சுழியம். வேகத்தின் கணக்கோ இன்னும் கடுமை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருபடிக்கு ஏற்ப வளர்கிறது. 90-இலிருந்து 110-க்குப் போனால் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. செமோர் வழியாகப் பழைய சாலையில் நிதானமாக ஈப்போ போய்வருபவரும், நெடுஞ்சாலையில் கோலாலம்பூருக்குப் பறப்பவரும் ஒரே வண்டியை வைத்துக்கொண்டு வேறு வேறு எண்களைச் சொல்வதில் வியப்பில்லை.

டீசல் அதிகம் போனால் உடனே பயோடீசல் மேல் பழி போடுவதும் தவறு. நம் பி10 டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து வருவது. அந்தப் பகுதியின் ஆற்றல் கனிம டீசலைவிட 8, 9 விழுக்காடு குறைவு என்றாலும், கலவையில் இழப்பு 1 விழுக்காட்டைத் தாண்டாது. லிட்டருக்கு 2 கிலோமீட்டர் காணாமல் போனால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. அதே போல, யாரோ தோம்பில் விற்கும் மலிவு டீசலைத் தொடாதீர்கள். மானிய டீசலைக் கைமாற்றுவது 1961-ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குற்றம். அதில் கலந்திருக்கும் நீரும் தூசியும் எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இஞ்செக்டர்களைத் தின்றுவிடும்.

வாங்கும் முன் என்ன பார்ப்பது? பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனை, வண்டி எவ்வளவு குடிக்கும் என்று சொல்லாது. ஓடோமீட்டரின் எண்ணும் சொல்லாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் போய் முதல் முறை முடுக்குவதை நேரில் பாருங்கள். ஓட்டும்போது வெப்பமானியின் முள் நடுவுக்கு ஏறாமல் தாழ்ந்தே நின்றால், எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம்; எஞ்சின் எப்போதும் குளிராகவே ஓடி டீசலை வீணாக்கும். இறங்கியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. செம்மண் சேற்றில் உழைத்த வண்டிகளில் இது சாதாரணம். ஏற்றத்தில் கரும்புகை வந்தால் காற்று வடிகட்டி, டர்போ குழாய், இஞ்செக்டர் மூன்றையும் சந்தேகிக்கலாம். நல்ல டீசல் பட்டறையில் இஞ்செக்டர்களிலிருந்து எரியாமல் திரும்பிவரும் டீசலின் அளவைச் சோதித்துத் தருவார்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு இஞ்செக்டரின் விலைக்கு முன் ஒன்றுமில்லை. விற்பவர் அந்தச் சோதனைக்கு வண்டியைத் தர மறுத்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். அதே மாடல் ஈப்போவில் இன்னொன்று கிடைக்கும்.