தோட்டம் பார்க்கப் போனால் மரத்தடியைப் பாருங்கள்

கோடை விடுமுறையில் கன்னியாகுமரி அரசு பழத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். காய்களை மட்டும் பார்க்காமல், மரத்தடியில் என்ன செய்திருக்கிறார்கள் என்று குனிந்து பாருங்கள். வீட்டு விளைக்கு (தோட்டத்துக்கு) உதவுவது அதுதான்.

நம் தென்னையின் அடியில் ஈரம் காக்க எளிய வழி கதம்பைதான், அதாவது தேங்காய் உரிமட்டை. மரத்திலிருந்து 6 அடி தூரம் வரை சுற்றி வட்டப்பாத்தி எடுத்து, உரித்த தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மண்ணைப் பார்க்கக் கவிழ்த்து அடுக்குங்கள். ஒரு மரத்துக்குச் சுமார் 100 மட்டை வேண்டும். அவ்வளவு இல்லையா? காய்ந்த ஓலை 15 போதும். வெயில் நேராக மண்ணில் படாது, ஊற்றிய தண்ணீர் சீக்கிரம் வற்றாது. தயவுசெய்து ஓலையை எரிக்காதீர்கள்!

அப்புறம், ஆசைப்பட்டு வாங்கிய நல்லமிளகுக் கொடியை இப்போதே நடவேண்டாம். நிழலில் வைத்துத் தண்ணீர் விட்டு, ஜூன் மழை பிடித்ததும் நடுங்கள்.