இடஞ்சார் பகுப்பாய்வு: லண்டன் காலராவை வைத்து ஒரு பயிற்சி

வரைபடத்தில் புள்ளிகளைக் குறித்து வண்ணம் தீட்டினால் அது வெறும் படம்தான். புள்ளி இடம் மாறினால் விடையும் மாறும்படி ஒரு கணக்கைப் போடும்போதுதான் ஜிஐஎஸ்ஸில் (புவியியல் தகவல் முறைமையில்) அதற்கு இடஞ்சார் பகுப்பாய்வு என்று பெயர். எதற்கு எது அருகில், எதற்குள் எத்தனை என்ற கேள்விகளே இதில் பாதி வேலை.

பழகுவதற்கு 1854-இல் லண்டன் சோஹோவைத் தாக்கிய காலராதான் என் விருப்பம். மருத்துவர் ஜான் ஸ்னோ இறந்தவர்களின் முகவரிகளைத் திரட்டி நோய் பரவிய இடமாக பிராட் தெரு அடிபம்பை அடையாளம் காட்டினார். செப்டம்பர் 8 அன்று அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. (புகழ்பெற்ற வரைபடம் அதற்குப் பிறகு வந்ததுதான்.) அந்த வரைபடத்தின் ஷேப்ஃபைல்கள் (இடத்தரவுக் கோப்புகள்) இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மென்பொருள் இலவசமான கியூஜிஐஎஸ், கற்கும் கட்டத்தில் கட்டண மென்பொருள் வீண் செலவு.

படி 1: பம்புகள், மரணங்கள் இரண்டு அடுக்குகளும் இபிஎஸ்ஜி 27700 என்ற பிரிட்டிஷ் ஆயமுறையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதன் அலகு மீட்டர். டிகிரியில் இருந்தால் தூரக் கணக்கு கெட்டுவிடும்: லண்டனில் ஒரு டிகிரி கிழக்கு மேற்காகச் சுமார் 69 கி.மீ., வடக்கு தெற்காக 111 கி.மீ.

படி 2: வெக்டர் மெனுவில் ஜியோமெட்ரி டூல்ஸ், அதில் வோரோனாய் பாலிகன்ஸ். பம்பு அடுக்கைக் கொடுத்தால், ஒவ்வொரு பம்புக்கும் மிக நெருக்கமான பரப்பு ஒரு பலகோணமாகப் பிரியும். 'பஃபர் ரீஜியன்' சதவீதத்தைச் சுழியில் விடாமல் 50 கொடுங்கள். இல்லாவிட்டால் ஓரத்துப் பம்புகளோடு எல்லை நின்றுவிடும்.

படி 3: அனாலிசிஸ் டூல்ஸில் கவுன்ட் பாயின்ட்ஸ் இன் பாலிகன். நிதானிக்க வேண்டிய இடம் இது. மரண அடுக்கில் ஒரு புள்ளி என்பது ஒரு முகவரி. ஒரே வீட்டில் பலர் இறந்திருக்கிறார்கள். அந்த எண்ணிக்கை 'கவுன்ட்' என்ற நெடுவரிசையில் இருக்கிறது. அதை 'வெயிட் ஃபீல்ட்' பெட்டியில் தேர்ந்தெடுக்காவிட்டால் கருவி வீடுகளைத்தான் எண்ணித் தரும். பிழைச்செய்தி வராது. எப்படி எண்ணினாலும் பிராட் தெருவே முதலிடத்தில் நிற்பதால் சந்தேகமும் எழாது. எனவே பலகோணங்களின் 'நம்பாயின்ட்ஸ்' நெடுவரிசையைக் கூட்டி, மரண அடுக்கின் 'கவுன்ட்' கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். தொகை குறைந்தால் வெயிட் விடுபட்டிருக்கும், அல்லது படி 2-இல் எல்லை போதாமல் போயிருக்கும்.

ஹீட்மேப் (புள்ளிகள் அடர்ந்த இடத்தை வண்ணத்தில் காட்டும் படம்) போட்டால் போதாதா என்றால், ஒவ்வொரு புள்ளியும் பரவும் ஆரத்தை மாற்றினால் நமக்கு வேண்டிய படத்தை அதில் வரவழைத்துவிடலாம். அதனாலேயே எனக்கு அது பிடிப்பதில்லை.

பிற்சேர்க்கை: வோரோனாய் நேர்கோட்டுத் தூரத்தை வைத்துத்தானே பிரிக்கிறது, தெருவில் யாரும் நேர்கோட்டில் நடப்பதில்லையே என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. ஸ்னோவே 1855-இல் வெளியிட்ட வரைபடத்தில், நடந்துபோகும் தூரத்தை வைத்துத்தான் பிராட் தெருப் பம்பின் எல்லையை வரைந்தார். கியூஜிஐஎஸ்ஸின் நெட்வொர்க் அனாலிசிஸ் கருவிகளால் அதைச் செய்யலாம். ஆனால் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் இன்றைய தெருக்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சோஹோ ஓரத்து ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவே 1880-களில்தான் வந்தது. பழைய வரைபடத்தைப் பின்னணியில் வைத்துத் தெருக்களை நீங்களே வரைந்துகொள்ள வேண்டும்.