நாகர்கோவில்ல இருந்து கொடைக்கானலுக்கு நாயோட போறதுன்னா

போன டிசம்பர்ல எங்க கிட்டுவ கூட்டிட்டு கொடைக்கானல் போய்ட்டு வந்ததுல இருந்து தெரிஞ்சவங்க எல்லாரும் எப்படி போனீங்க, ரூம் கெடச்சுதா, வாந்தி எடுத்துச்சான்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லி மாளல, அதான் மொத்தமா எழுதிடுறேன். கிட்டு சாதாரண நாட்டு நாய், 4 வயசு, 18 கிலோ. ஊசி போட போறத தவிர கார்ல ஏறினதே கெடையாது. நாங்க பிளான் போடும்போது அப்பா கேட்டாரு, "எலே, நாய்க்கு எதுக்குலே கொடைக்கானலு?" நியாயமான கேள்வி. அது கேக்கவே இல்ல, நமக்குத்தான் விட்டுட்டு போக மனசு வரல. ரெண்டு நாள் டிரிப்புன்னா பேசாம சொந்தக்காரங்க வீட்ல விட்டுட்டு போங்க, போக ஒரு நாள் வர ஒரு நாள்னு அதுக்கு வெறும் அலைச்சல்தான். நாலு நாளாவது இருக்கணும்.

மலைதான் நம்ம ஊர்லயே இருக்கே, எதுக்கு அவ்ளோ தூரம்னு கேப்பீங்க. காளிகேசம், கீரிப்பாறை, மேல் கோதையார் பக்கம் எல்லாம் நாயோட போற நெனப்ப விட்ருங்க. அந்த காடெல்லாம் 2008ல அறிவிச்ச கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள்ளயும் அத ஒட்டியும் கெடக்கு, யானை, புலி, சிறுத்தைன்னு எல்லாம் உண்டு. செக்போஸ்ட்ல திருப்பி அனுப்புனா கோவப்படாதீங்க மக்கா, அதுல காரணம் இருக்கு. நாய்ங்ககிட்ட இருந்து டிஸ்டெம்பர்னு ஒரு வைரஸ் காட்டு மிருகத்துக்கு தாவும், 2018ல குஜராத் கிர் காட்டுல சிங்கங்க அந்த வைரஸ்ல செத்துச்சு. சிறுத்தை நாய அடிச்சு தின்னுடுங்கிறது வேற விஷயம்.

இனி டாக்டர். கெளம்புற முந்தின நாள் ஓடாதீங்க, மூணு வாரம் முன்னாடியே போங்க, ஏன்னா ஊசி போட்ட உடனே எதிர்ப்பு சக்தி வந்துடாது. ரேபிஸ் ஊசி போட்டு ஒரு வருஷம் தாண்டிட்டான்னு பாருங்க, கூடவே டிஸ்டெம்பர், பார்வோங்கிற ரத்தக் கழிச்சல், எலிக்காய்ச்சல் எல்லாம் சேர்ந்து வர ஊசியும். எலிக்காய்ச்சல்தான் முக்கியம், ஈரமான எடத்துல தேங்கி கெடக்குற தண்ணிய நக்குனாலே வரலாம், அது நமக்கும் ஒட்டும். உண்ணிக்கு கழுத்துல விடுற சொட்டு மருந்தோ மாத்திரையோ டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க. சொட்டு மருந்துன்னா விடுறதுக்கு முன்னாடி ரெண்டு நாளும் விட்டதுக்கு அப்புறம் ரெண்டு நாளும் குளிப்பாட்டக் கூடாது, நாங்க ஊருக்கு போறோமேன்னு முதல்ல மருந்து விட்டுட்டு மறுநாளே ஷாம்பூ போட்டு குளிப்பாட்டினோம், காசு தண்ணியில போச்சு. வாந்திக்கும் மாத்திரை எழுதி வாங்கிக்கோங்க. வீட்ல கெடக்குற பாராசிட்டமால், நம்ம பஸ்ல போடுற மாத்திரை இதெல்லாம் சின்னதா ஒடச்சு குடுக்குற வேலையே வேண்டாம்.

அடுத்து கார் பழக்கம். இதுலதான் நெறைய பேர் கோட்டை விடுறாங்க. முதல் நாள் கார நிறுத்தி வச்சு சும்மா உள்ள ஒக்கார வைங்க, கொஞ்சம் சாப்பாடு குடுங்க, எறக்கிடுங்க. அப்புறம் தெருவுக்குள்ள ஒரு சுத்து. அதுக்கப்புறம் குலசேகரம் வழியா பேச்சிப்பாறை ரோடு, ரப்பர் தோட்டத்துக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு போறதால மலை ரோட்டுக்கு நல்ல ஒத்திகை. கிட்டு முதல் தடவ திருவட்டார் தாண்டுறதுக்குள்ள வாய்ல நுரை தள்ளி வாந்தி எடுத்துட்டான், நாலாவது தடவ தூங்கிட்டே வந்தான். வாயில எச்சில் ஒழுகுறது, அடிக்கடி கொட்டாவி விடுறது, உதட்ட நக்குறது, இதெல்லாம் வாந்தி வரப்போகுதுன்னு அர்த்தம், உடனே ஓரங்கட்டுங்க.

டிரெயின பத்தியும் கேக்குறாங்க. ஏசி பர்ஸ்ட் கிளாஸ்ல ரெண்டு பெர்த் உள்ள தனி ரூமையோ (கூப்பேன்னு சொல்வாங்க) நாலு பெர்த் கேபினையோ மொத்தமா நாம எடுத்தாதான் நாய நம்ம கூட வச்சுக்கலாம், ஸ்லீப்பர், தேர்ட் ஏசி, செகண்ட் ஏசி எதுலயும் ஏத்த முடியாது. இல்லன்னா பார்சல் ஆபீஸ்ல புக் பண்ணி டிரெயின் கார்டு வர்ற வேன்ல இருக்குற பெட்டிக்குள்ள அடைக்கணும். ராத்திரி முழுக்க சத்தத்துல தனியா கெடக்கும் பாவம், எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கார்தான் கொள்ளாம்.

நாகர்கோவில்ல இருந்து திருநெல்வேலி, மதுரை பைபாஸ், வத்தலக்குண்டு வழியா 350 கிலோமீட்டர் பக்கம் வரும். நாம மட்டும்னா ஏழு மணி நேரத்துல போயிடலாம், நாயோடன்னா ஒம்பதுன்னு வச்சுக்கோங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க எறக்கி மோள விட்டு தண்ணி குடுக்கணும். காலைல நாலு மணிக்கு கெளம்பிடுங்க, வெயில் ஏறுறதுக்குள்ள மதுரைய தாண்டிடலாம். முந்தின ராத்திரி எட்டு மணிக்கு சாப்பாடு, அப்புறம் மலை ஏறி கார்ல இருந்து எறங்குன பெறகுதான், நடுவுல பாவம் பசிக்கும்னு ஏத்தன்பழ சிப்ஸ் குடுக்காதீங்க. கழுத்துல பட்டையில்லாம நெஞ்சுல மாட்டுற பெல்ட் போட்டு பின் சீட்ல கட்டுங்க, முன் சீட்ல மடியில வைக்க வேண்டாம், ஒரு சடன் பிரேக் போட்டா அது சாடி கண்ணாடியில போய் விழும். தலைய வெளிய நீட்டிட்டு வர்றது பாக்க அழகாதான் இருக்கும், ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காத்து உங்களுக்கு தெரியாததா, கண்ணுல மண்ணு போச்சுன்னா மொத்த டிரிப்பும் அம்போ.

ஓட்டல்ல சாப்பிட எறங்கும்போது நாய கார்ல பூட்டிட்டு போகாதீங்க. வெளிய 30 டிகிரி இருந்தாலே அரை மணி நேரத்துல கார் உள்ள 45 தாண்டிடும், நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, எளைச்சு எளைச்சுத்தான் சூட்ட எறக்கும். பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையா இருக்குறதுங்களுக்கு இன்னும் சீக்கிரம் முடிஞ்சிடும். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் சாப்பிடுங்க, வேற வழியில்ல.

கொடைக்கானலுக்கு வண்டி ஏறணும்னா இ-பாஸ் வேணும், ஐகோர்ட் உத்தரவுல 2024 மே மாசத்துல இருந்து நடைமுறையில இருக்கு, ஆன்லைன்ல எடுத்துடுங்க. பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கெடுபிடி இருக்கு, நாய்க்கு தண்ணி எவர்சில்வர் குடத்துலயே ஊத்தி கொண்டு போனோம், வீட்டுத் தண்ணியா இருந்தா வயிறும் கெடாது. மலை ரோட்ல பைய ஓட்டுங்க, கண்ணாடிய ஒரு விரக்கட எறக்கி வைங்க. வெள்ளி அருவி கிட்ட நிறுத்தாதீங்க, அங்க கொரங்கு கூட்டம், நாய பாத்தா ரெண்டு பக்கமும் ரகளை.

ரூம் புக் பண்ணும்போது நாய் கொண்டு வரலாமான்னு மட்டும் கேட்டா பத்தாது. நாங்க கேட்டோம், வரலாம்னு சொன்னாங்க, போய் பாத்தா ராத்திரி வெளிய கம்பி கூண்டுல கட்டணுமாம். சிறுத்தை நடமாடுற மலையில, அந்த குளிர்ல! சண்ட போட்டு வேற எடம் தேடுறதுக்குள்ள ராத்திரி பத்து மணி. ரூமுக்குள்ள படுக்க விடுவீங்களா, காம்பவுண்டு சுவர் இருக்கா, அங்க வேற நாய் இருக்கான்னு மூணையும் கேட்டு, பதில வாட்சப்ல எழுதியே வாங்கிக்கோங்க. டிசம்பர் ஜனவரியில ராத்திரி 10 டிகிரிக்கு கீழ போகும், 2100 மீட்டர் உயரம் பாத்துக்கோங்க. ராஜபாளையம், சிப்பிப்பாறை, நம்ம நாட்டு நாய் எல்லாம் முடி கம்மி, நம்ம ஊர் புழுக்கத்துல வளந்தது, பழைய போர்வை ரெண்டு எடுத்துக்கோங்க, அதுல வீட்டு வாசம் இருந்தா இன்னும் நல்லது, புது எடத்துல சீக்கிரம் தூங்கும்.

சாப்பாட்ட மாத்தாதீங்க. கிட்டு வீட்ல சோறும் முள்ளு எடுத்த சாளை மீனும் திங்குறவன், அங்க அதுக்கு எங்க போறது, அதனால ஒரு வாரம் முன்னாடியே கோழியும் சோறும்னு பழக்கிட்டோம், ரூம்ல சின்ன குக்கர்ல வச்சு குடுத்தோம். தெரு முழுக்க ஹோம்மேட் சாக்லேட் கடை, புள்ளைங்க கையில எப்பவும் சாக்லேட்டு, அது ஒரு துண்டு கூட குடுக்காதீங்க, அதுல இருக்குற தியோப்ரோமின் நாய்க்கு விஷம், கருப்பா கசப்பா இருக்க இருக்க ஆபத்து கூடும். திராட்சையும் கூடாது.

ஏரிய சுத்தி 5 கிலோமீட்டர் ரோடு இருக்கே, காலைல ஆறரைக்கு நடக்க அருமையா இருக்கும். எட்டு மணிக்கு மேல வாடகை குதிரையும் சைக்கிளும் வந்துடும், குதிரைய பாக்காத நாய்னா ஒண்ணு கொலைக்கும் இல்ல பின்னாடி போய் ஒத வாங்கும். கயிற எங்கயும் அவுக்காதீங்க. காட்டெருமை டவுனுக்குள்ளயே மேயும், நாய் கொலைச்சா அது முட்ட வரும், நாய் நம்ம காலுக்குள்ளதான் வந்து ஒளியும், அப்புறம் யாருக்கு முட்டுன்னு சொல்லவே வேண்டாம். இருட்டினதுக்கு அப்புறம் மோள கூட்டிட்டு போறதுன்னா டார்ச்சோட ரூம் வாசல்லயே முடிச்சுக்கோங்க. அட்டை கடிச்சா புடிச்சு இழுக்காதீங்க, நகத்தால ஓரத்துல நெம்பி விடுங்க, எறங்கிடும்.

திரும்பி வந்ததும் வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சோம். காது மடிப்பு, விரல் இடுக்கு, வாலுக்கு அடியில எல்லாம் தடவி பாத்து நாலு உண்ணி எடுத்தோம், ஒண்ணும் இல்லன்னு விட்டாச்சு. பன்னண்டாவது நாள் கிட்டு சாளை மீன மோந்து பாத்துட்டு திரும்பி படுத்துட்டான். அவன் மீன வேண்டாம்னு சொன்னா அது சாதாரண விஷயம் இல்ல, உடம்ப தொட்டா சூடு, தெர்மாமீட்டர்ல 104, நாய்க்கு 102.5 வரைக்கும்தான் சாதாரணம். ரத்தம் எடுத்து பாத்தா பிளேட்லெட் எறங்கியிருக்கு, உண்ணி காய்ச்சல். சீக்கிரம் போனதால மாத்திரையோட போச்சு. அதனால வந்த பெறகு மூணு வாரத்துக்கு சாப்பாடு, காய்ச்சல், மூக்குல ரத்தம், ஈறு வெளுத்திருக்கான்னு தெனமும் ஒரு பார்வை பாத்துக்கோங்க.