விண்டோஸ் 11-க்கு மாறியதும் மென்பொருள் தானாக மூடிக்கொள்கிறதா? ஃபார்மட் போடுவதற்கு முன் இதைப் பாருங்கள்

பெங்களூரு அல்சூரில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் சின்ன டி.டி.பி. கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், ஒரு சனிக்கிழமை காலை போன் செய்தார். "தம்பி, பத்திரிகை போடுற சாஃப்ட்வேர் திறக்குது, ரெண்டு செகண்ட்ல தானா மூடிக்குது. ரிப்பேர் பண்ற பையன் ஃபார்மட் போட்டுடலாம்கறான்" என்றார். முந்தின இரவுதான் விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாற்றியிருந்தார்.

நான் போய்ச் சேரும் வரை எதையும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அந்தக் கணினியில் பல வருட டிசைன்கள் இருந்தன. பெங்களூரில் ஒரே பத்திரிகையில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் வரும் என்பதால், தேடித் தேடிச் சேர்த்த எழுத்துருக்களும் அதில்தான் இருந்தன. ஃபார்மட் போட்டிருந்தால் அவற்றைத் திரும்பச் சேர்க்கவே மாதக்கணக்கில் ஆகியிருக்கும். கடைசியில் பார்த்தால், கோளாறு பத்திரிகை மென்பொருளில் இல்லவே இல்லை. பழைய தமிழ்த் தட்டச்சுக் கருவி ஒன்றில் இருந்தது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. அதனால் பலரும் இந்த மாற்றத்தைச் செய்கிறார்கள், பலருக்கும் இதே தொல்லை வருகிறது. மூடிக்கொள்ளும் மென்பொருள்தான் குற்றவாளி என்று உடனே முடிவு கட்டாதீர்கள். யாரால் அது விழுந்தது, அதாவது தானாக மூடிக்கொண்டது, என்பதை விண்டோஸே எழுதி வைக்கிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் திரும்பிப் போகும் வழியைக் காப்பாற்றுங்கள்

மேம்படுத்திய நாளிலிருந்து 10 நாட்களுக்குப் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி என்று போனால் 'கோ பேக்' என்ற பொத்தான் இருக்கும். சி டிரைவில் உள்ள 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற கோப்புறையை நம்பித்தான் அது வேலை செய்கிறது. இடம் போதவில்லை என்று அதை அழித்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். எனவே இன்று எத்தனையாவது நாள் என்று கணக்குப் பாருங்கள். அப்புறம் முக்கியமான கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள். இதை முடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

எப்போது மூடிக்கொள்கிறது என்று கவனியுங்கள்

ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அப்டேட்டில் பாக்கி இருப்பதை எல்லாம் முடித்துவிடுங்கள். சில சமயம் இதிலேயே சரியாகிவிடும்.

ஆகவில்லை என்றால், எந்தச் செயலின்போது விழுகிறது என்று பாருங்கள். பிரின்ட் கொடுத்ததும் விழுந்தால் பிரின்டர் டிரைவர் (பிரின்டரை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) மேல் சந்தேகம் வர வேண்டும். பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் பல, திறக்கும்போதே டீஃபால்ட் பிரின்டரிடம் தாள் அளவைக் கேட்கும். எனவே திறந்ததுமே விழுந்தாலும் பிரின்டர் காரணமாக இருக்கலாம். சோதிப்பது சுலபம்: டீஃபால்ட் பிரின்டரை 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பி.டி.எஃப்' என்று மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். விழுவது நின்றுவிட்டால் பிரின்டர் நிறுவனத்தின் தளத்தில் இருந்து விண்டோஸ் 11-க்கான டிரைவரைப் போடுங்கள்.

சேமிக்கும்போது மட்டும் விழுந்தால் 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'ரான்சம்வேர் புரொடெக்ஷன்' பகுதியைத் திறங்கள். அங்கே 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' (அறிமுகமில்லாத மென்பொருள் உங்கள் கோப்புறைகளில் எழுதாமல் தடுக்கும் பாதுகாப்பு) ஆன் ஆகியிருந்தால், அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உங்கள் மென்பொருளைச் சேருங்கள். அந்தப் பாதுகாப்பையே அணைத்து வைக்க வேண்டாம்.

விண்டோஸ் எழுதி வைத்ததைப் படியுங்கள்

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று வரும். திறந்தால் நாட்காட்டி போல ஒரு பக்கம். மேம்படுத்திய நாளுக்குப் பிறகு எங்கெல்லாம் சிவப்புக் குறி விழுந்திருக்கிறது என்று தெரியும். ஒரே மென்பொருள்தான் விழுகிறதா, பலவும் விழுகின்றனவா என்பதை இங்கே ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். அக்காவின் கணினியில் பத்திரிகை மென்பொருளோடு பிரவுசரும் இரண்டு முறை விழுந்திருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை. தொடர்பில்லாத இரண்டு மென்பொருள்கள் விழுந்தால், இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது ஒன்றைத் தேட வேண்டும்.

அதற்கு 'ஈவென்ட் வியூவர்' வேண்டும். அதையும் ஸ்டார்ட்டில் தேடித் திறங்கள். இடப்பக்கம் 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'அப்ளிகேஷன்'. மூலம் 'அப்ளிகேஷன் எரர்', எண் 1000 என்று இருக்கும் சிவப்பு வரியைச் சொடுக்குங்கள். கீழே நிறைய எழுத்து வரும், பயப்பட வேண்டாம். மூன்று வரி போதும்.

'ஃபால்டிங் அப்ளிகேஷன் நேம்' என்பது விழுந்தது எது என்று சொல்லும். 'ஃபால்டிங் மாட்யூல் நேம்' எந்தக் கோப்பு ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்தது என்று சொல்லும். 'ஃபால்டிங் மாட்யூல் பாத்' அந்தக் கோப்பு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று காட்டும். மூன்றாவதுதான் தங்கம். அக்காவின் பத்திரிகை மென்பொருளுக்கு நேரே, தமிழ்த் தட்டச்சுக் கருவியின் கோப்புறை எழுதியிருந்தது. இப்படிப்பட்ட பழைய கருவிகள் சில, நீங்கள் அழுத்தும் விசையைப் பிடிப்பதற்காகத் திறந்திருக்கும் மற்ற மென்பொருள்களுக்குள்ளும் தங்கள் கோப்பை நுழைத்துவிடும். புதிய விண்டோஸில் அது தடுமாறினால், இடம் கொடுத்த மென்பொருளும் சேர்ந்து விழும்.

மாட்யூல் பெயர் 'என்.டி.டி.எல்.எல்.' அல்லது 'கெர்னல்பேஸ்' என்று இருந்தால் விண்டோஸின் சொந்தக் கோப்பு என்று அர்த்தம். பெரும்பாலும் தவறு அதனுடையது அல்ல. விழும் சத்தம் அங்கே கேட்கிறது, அவ்வளவுதான். வேறு நேரத்தில் விழுந்த வரிகளையும் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

காரணத்துக்கு ஏற்ற மருந்து

தட்டச்சுக் கருவி என்றால், கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள அதன் ஐகானில் இருந்து வெளியேறுங்கள். பிறகு டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பகுதியில் முடக்கி, ரீஸ்டார்ட் செய்து சோதியுங்கள். சரியானால் கருவியின் புதிய பதிப்பு உண்டா என்று தேடுங்கள். யூனிகோடில் (எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கம்) தட்டுபவருக்கு வெளிக் கருவியே தேவையில்லை. செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதியில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் விண்டோஸுக்குள்ளேயே கிடைக்கும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தி மொழி மாற்றலாம். ஆனால் யூனிகோடு அல்லாத பழைய குறியாக்க எழுத்துருக்களில் போட்ட டிசைன்களை இந்த விசைப்பலகையால் திருத்த முடியாது. அந்த வேலை தொடர்ந்து வருகிறவர்கள் பழைய கருவியை வைத்திருங்கள். தேவைப்படும்போது மட்டும் திறந்து, முடிந்ததும் மூடிவிடுங்கள். அக்கா இப்போது அப்படித்தான் செய்கிறார்.

மாட்யூல் பெயர் 'என்விஓஜிஎல்' என்று தொடங்கினால் என்விடியா, 'ஏடிஐஓ' என்று தொடங்கினால் ஏ.எம்.டி. அதாவது கிராஃபிக்ஸ் டிரைவர் தகராறு. மேம்படுத்தும்போது விண்டோஸ் தானே வேறு டிரைவரை மாற்றி வைத்திருக்கலாம். உங்கள் லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்துச் சரியான டிரைவரை இறக்குங்கள்.

'எம்.எஸ்.வி.சி.பி.140' கோப்பைக் காணோம் என்று செய்தி வந்தால், மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்து 'விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' தொகுப்பைப் போடுங்கள். எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டும் வேண்டும். 64 பிட் விண்டோஸிலும் 32 பிட் மென்பொருள்கள் ஓடுகின்றன, அவற்றுக்கு எக்ஸ்86 தேவை. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: காணாமல் போன ஒரே ஒரு டி.எல்.எல். கோப்பை மட்டும் தருகிறோம் என்று சொல்லும் தளங்களுக்குப் போகாதீர்கள். வைரஸ் வீட்டுக்குள் வரும் வாசல் அது.

மாட்யூலும் அப்ளிகேஷனும் ஒரே பெயர் என்றால் கோளாறு அந்த மென்பொருளிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் அதன் அப்டேட்டைப் பாருங்கள். இல்லையென்றால் ஐகானை வலது சொடுக்கி, 'ப்ராபர்ட்டீஸ்', 'கம்பாட்டிபிலிட்டி' போய்ப் பழைய விண்டோஸ் பதிப்பைத் தேர்ந்தெடுத்து ஓட்டிப் பாருங்கள். அழித்துத் திரும்ப நிறுவுவதானால், லைசென்ஸ் எண்ணும் செட்டப் கோப்பும் கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அழியுங்கள். ஸ்டோரில் இருந்து இறக்கிய ஆப் என்றால் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'ரிப்பேர்' போதும். 'ரீசெட்' கொடுத்தால் ஆப்பில் சேர்ந்த தகவல் போய்விடும்.

பல மென்பொருள்களும் விழுந்து, காரணமும் பிடிபடவில்லை என்றால்

விண்டோஸின் சொந்தக் கோப்புகள் கெட்டிருக்கலாம். அதே ரெகவரி பக்கத்தில் 'ஃபிக்ஸ் ப்ராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்' என்று இருக்கும். 'ரீஇன்ஸ்டால் நவ்' கொடுத்தால் உங்கள் கோப்பு, மென்பொருள், அமைப்பு எதையும் தொடாமல் விண்டோஸை மட்டும் புதிதாகப் போடும். ஃபார்மட்டுக்குப் பதில் நான் சொல்வது இதைத்தான். நல்ல இணைய வேகம் இருக்கும்போது, லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அதற்கும் சரிப்படாமல், வேலையும் நிற்கிறது, 10 நாளும் முடியவில்லை என்றால் 'கோ பேக்' கொடுங்கள். விண்டோஸ் 10-க்குத் திரும்பியதும், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிவு செய்துவிடுங்கள். தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரையாவது அது கை கொடுக்கும்.

பெங்களூரின் கணினிச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போகத்தான் வேண்டும் என்றாலும், ஈவென்ட் வியூவரில் அந்த மூன்று வரி தெரியும்படி போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் 'ஃபார்மட்' என்று வாயைத் திறக்கும் முன் அந்தப் படத்தைக் காட்டி, இந்தக் கோப்பு எதனுடையது என்று கேளுங்கள்.