சோர்ந்துபோன ஃப்ளிப்பருக்கு ஒரு துப்புரவு: பின்பால் தொடக்கநிலைக்காரர்களுக்கு

பின்பால் மெஷினில் நீங்கள் அடித்த பந்து ராம்பில், அதாவது சாய்ந்த ஏற்றப் பாதையில், பாதி தூரம் ஏறி, மனம் மாறியதுபோல் திரும்பி வருகிறதா? உடனே புதுக் காயில் (கம்பிச் சுருள்) வாங்கக் கிளம்பாதீர்கள். பெரும்பாலும் உள்ளே படிந்த கருந்தூளும், தேய்ந்துபோன சின்ன நைலான் குழாய் ஒன்றும்தான் காரணம். 1947-இல் காட்லீப் நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’ மெஷினில், பந்தை அடிக்கும் மட்டையான ஃப்ளிப்பர் அறிமுகமானது. அன்றுமுதல் அடிப்படை வேலை ஒன்றுதான்: பட்டனை அழுத்தினால் காயில் காந்தமாகி இரும்புத் தண்டை இழுக்கும், அந்தத் தண்டு மட்டையைத் திருப்பும்.

படி 1: மின்சாரம். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். ஃப்ளிப்பர் காயிலில் 50 வோல்ட்டும் அதற்கு மேலும் ஓடும் மெஷின்கள் உண்டு. பிறகு கண்ணாடியை உருவி, பந்துகளை எல்லாம் எடுத்துவிட்டு ஆட்டப் பலகையைத் தூக்கி, அதற்கான தாங்கியில் நிறுத்துங்கள். பந்தை எடுக்க மறந்தால் அது உருண்டு எதையாவது உடைக்கும். ஒருமுறை பட்டுத்தான் கற்றேன்.

படி 2: போட்டோ. எந்த ஒயர் எங்கே, ஸ்பிரிங் எந்தப் பக்கம் என்று நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: காயிலைக் கழற்றுதல். காயிலின் பின்புறம் ஒரு உலோகத் தடுப்பு இருக்கும். இதைக் காயில் ஸ்டாப் என்பார்கள். அதன் இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினால் காயில் ஒயர்களோடு நழுவி வரும். சால்டரை எடுக்க வேண்டாம். மட்டையைப் பிடித்திருக்கும் நட்டையும் தொடாதீர்கள். அதைத் தளர்த்தினால் மட்டையின் கோணம் மாறி, தனியாக ஒரு வேலை சேர்ந்துவிடும்.

படி 4: துடைத்தல். இப்போது பிளஞ்சர், அதாவது அந்த இரும்புத் தண்டு, வெளியே தெரியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் அதைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். நுனி காளான் குடைபோல் விரிந்திருந்தால் பிளஞ்சரையும் காயில் ஸ்டாப்பையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. ஒன்று மழுங்கினால் மற்றதும் மழுங்கியிருக்கும்.

காயிலுக்குள் இருக்கும் நைலான் குழாய்தான் ஸ்லீவ். இதைக் கழுவிக்கொண்டிருக்காமல் புதிது போடுங்கள், விலை குறைந்த பாகம்தான். பழைய ஸ்லீவ் வெளியே வர மறுத்தால், காயில் எப்போதோ சூடேறி உருக்குலைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போதுதான் புதுக் காயில்.

இங்கேதான் எல்லோருக்கும் எண்ணெய்க் குப்பியைத் தேடிக் கை அரிக்கும். வேண்டாம்! துருநீக்கி ஸ்பிரேயும் வேண்டாம். ஸ்லீவ் உலர்ந்த நிலையில் ஓடவே செய்யப்பட்டது. எண்ணெய் விட்டால் இரண்டு நாள் பிரமாதமாக ஓடும். அப்புறம் தூளோடு கலந்து பசையாகி, பழையதைவிட மோசமாகும்.

படி 5: கடைசி சுவிட்ச். மட்டை முழுதாக உயரும் இடத்தில் ஒரு சின்ன இலை சுவிட்ச் இருக்கும். பெரும்பாலான காயில்களில் தனித்தனியாக இரண்டு கம்பிச் சுற்றுகள் உண்டு: ஓங்கி அடிக்க ஒன்று, தூக்கிப் பிடிக்க ஒன்று. பழைய மெஷின்களில் இந்த சுவிட்ச் சாதாரணமாக மூடியிருக்கும், மட்டை உச்சிக்குப் போனதும் திறக்கும். சுவிட்சில் ஒன்றையொன்று தொடும் முனை, அதாவது கான்டாக்ட், கருகியிருந்தால் அடி பலவீனமாகும். திறக்கவே இல்லையென்றால் பலமான சுற்றில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்து காயில் புகைந்துவிடும். மட்டையைக் கையால் உயர்த்திப் பாருங்கள். ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை இடைவெளி தெரிய வேண்டும்.

பழைய மெஷின்களின் டங்ஸ்டன் கான்டாக்டை மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுக்கலாம். 1990-களின் பல மெஷின்களில் இதே சுவிட்ச் தலைகீழ்: சாதாரணமாகத் திறந்திருக்கும், உச்சியில் மூடும், கான்டாக்டில் தங்கப் பூச்சு இருக்கும். அதில் அரம் பட்டால் பூச்சு போய்விடும். சுத்தமான அட்டைத் துண்டை நடுவில் வைத்து உருவினால் போதும்.

படி 6: திரும்பப் பூட்டுதல். ஸ்க்ரூக்களை இறுக்கமாகப் பூட்டுங்கள். ஒவ்வொரு அடியும் காயில் ஸ்டாப்பில்தான் விழுகிறது, தளர்ந்தால் அடித்தகட்டில் இருக்கும் ஸ்க்ரூ மரையே போய்விடும். மட்டையை மேலும் கீழும் அசைத்தால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவாக ஆட வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் உராய்ந்து இறுகும்.

மட்டையின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் துடைத்தால் போதும்.

பலகையை இறக்கி, பந்துகளைத் திரும்பப் போட்டு, பிளக்கைச் செருகி, ஒரு ஆட்டத்தைத் தொடங்கிப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். உயர்ந்து நிற்கும் மட்டையை விரலால் லேசாகக் கீழே தள்ளிப் பாருங்கள். தொய்ந்து இறங்காமல் நின்றால் கண்ணாடியைப் போட்டுவிட்டு, முதல் பந்தை அதே ராம்புக்கு அனுப்புங்கள்.