பழைய செவ்ரலே 3100 டிரக்கை எஸ்-10 சேஸிஸில் ஏற்றுவது எப்படி

செவ்ரலே நிறுவனம் 1947இன் கோடையில் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்து 1955இன் தொடக்கம் வரை தயாரித்த அட்வான்ஸ் டிசைன் வரிசையில், அரை டன் பிக்கப் டிரக்கின் பெயர் 3100. உருண்டு திரண்ட மட்கார்டுகளும், குறுக்குப் பட்டைகள் கொண்ட முகப்பும் இன்றும் பார்ப்பவரை நிறுத்திவிடும். ஆனால் அந்த அழகுக்குக் கீழே இருப்பவை வேறு ஒரு காலத்துச் சாலைக்கானவை. பெரும்பாலான வண்டிகளில் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜின். ஏறத்தாழ 90 குதிரைத் திறன். இணைப்புத் தண்டு பேரிங்குகள் பாபிட் என்னும் மென்மையான உலோகக் கலவையை வார்த்துச் செய்தவை. அவற்றுக்கு எண்ணெய் முழு அழுத்தத்தில் செல்லாமல் தெளிப்பு முறையில் சேர்கிறது. பின் ஆக்சிலின் பல் விகிதம் 4.11 என்பதால் மணிக்கு 50 மைலைத் தாண்டினாலே என்ஜின் அலறத் தொடங்கும். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுற்றில் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், ஆறு வோல்ட் மின்சாரம், முன்பக்கம் ஒரே கட்டையான ஆக்சில்.

இவற்றில் ஒன்றை மட்டும் மாற்ற நினைப்பவர் விரைவில் ஒரு சங்கிலியில் மாட்டிக்கொள்கிறார். அந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில், என்ஜினின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், கியர்பாக்ஸையும் ஆக்சிலையும் பிணைக்கும் ஒரு மூடிய குழாய்க்குள் சுழல்கிறது. எனவே புதிய கியர்பாக்ஸை வைத்தால் பின் ஆக்சிலையும் மாற்ற வேண்டும். ஆக்சிலை மாற்றி வேகத்தைக் கூட்டினால் பிரேக் போதாது; பிரேக்கை மாற்றப் போனால் முன் ஆக்சிலின் வயது தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வண்டியிலிருந்து பாகம் தேடினால், பாகங்களை ஒன்றோடொன்று இணங்கவைப்பதிலேயே ஆண்டுகள் போய்விடும். ஆகவே முதன்முறை இறங்குபவருக்கு நான் சொல்வது இதுதான்: பாகங்களைத் தருவதற்காக, ஓடும் நிலையிலுள்ள ஒரே ஒரு கொடை வண்டியை முழுதாக வாங்குங்கள், சேஸிஸ், என்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில், பிரேக், ஸ்டியரிங், கம்ப்யூட்டர், பெட்ரோல் தொட்டி ஆகிய அனைத்தையும் அதிலிருந்தே எடுங்கள். 3100க்கு அந்தக் கொடை வண்டியாக அமெரிக்க வீட்டுப் பட்டறைகளில் நெடுங்காலமாக நிலைபெற்றிருப்பது, 1982 முதல் 2004 வரையிலான மாடல்களில் வந்த செவ்ரலே எஸ்-10 சிறு பிக்கப்.

இந்த வேலைக்கு எந்த 3100 தகுதியானது என்பதையும் யோசிக்க வேண்டும். என்ஜினும் சேஸிஸும் முழுமையாக, பிறந்தபடியே இருக்கும் வண்டியை வெட்டாதீர்கள். அதைச் சீரமைக்க விரும்பும் ஒருவருக்கு விற்றுவிட்டு, என்ஜின் இல்லாமல் கொட்டகையில் கிடக்கும் இன்னொன்றை வாங்குவது இருவருக்கும் நல்லது.

கருவியைத் தொடுவதற்கு முன் காகிதங்களைப் பாருங்கள். அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றுக்கு, அமெரிக்காவின் சில மாநிலங்களில், என்ஜின் எண்ணைக் கொண்டே உரிமைப் பத்திரம் வழங்கப்பட்டிருக்கிறது. அத்தகைய பத்திரத்தை வைத்துக்கொண்டு பழைய என்ஜினைத் தூக்கி எறிந்தால், பத்திரம் குறிப்பிடும் வண்டியே இல்லாமல் போகும். உங்கள் பத்திரத்திலுள்ள எண்ணும் கதவுத் தூணிலுள்ள எண் தகடும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். சேஸிஸ் மாறும்போது வண்டியை எந்தப் பெயரில், எந்த ஆண்டில் பதிவார்கள் என்பதை மாநிலப் போக்குவரத்துத் துறையிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். எண் தகட்டைக் கழற்றுவதோ மாற்றுவதோ அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமாகலாம். பெயின்ட் அடிக்கும்போதுகூட அதன்மேல் கை வைக்காமல் மூடி ஒட்டிவிடுங்கள். புகைப் பரிசோதனை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு அது தேவையில்லை; ஆனால் அந்த விலக்கு நிலைக்க வேண்டுமானால் வண்டி அதன் பழைய ஆண்டிலேயே பதிவாகியிருக்க வேண்டும். கொடை வண்டியின் பத்திரத்தையும் வாங்கிய ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள்; சேஸிஸ் எங்கிருந்து வந்தது என்று ஆய்வாளர் கேட்கும் நாள் வரும்.

கொடை வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் முதல் அளவு சக்கர இடைவெளி. 3100இன் முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 116 அங்குலம். எஸ்-10 மூன்று நீளங்களில் கிடைக்கிறது: சாதாரணக் கேபினும் குட்டையான சரக்குத் தொட்டியும் கொண்டது 108.3 அங்குலம், சாதாரணக் கேபினும் நீளத் தொட்டியும் கொண்டது 117.9; நீட்டிய கேபின் கொண்டது 122.9. இவற்றில் 117.9 அங்குல வண்டியைத் தேடிப் பிடியுங்கள். வித்தியாசம் 1.9 அங்குலம் மட்டுமே என்பதால் சேஸிஸை வெட்டாமலே சமாளிக்க முடியும். 122.9 அங்குல வண்டியில் ஏறத்தாழ ஏழு அங்குலத்தை நடுவில் வெட்டி எடுக்க வேண்டும், 108.3ஐ நீட்டுவது இன்னும் பெரிய வேலை. இருசக்கர இயக்க வண்டியாக இருக்கட்டும். கூரை நசுங்கியிருந்தாலும் கதவுகள் துருப்பிடித்திருந்தாலும் கவலை இல்லை, ஏனெனில் அந்த உடல் எப்படியும் போகப்போகிறது. முன்பக்க மோதலில் சேஸிஸ் வளைந்ததையும், குளிர்காலத்தில் சாலைக்கு உப்பு தூவும் ஊர்களில் ஓடிப் பின்பகுதி அரித்ததையும் தவிர்த்துவிடுங்கள். ஓட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

என்ஜினைப் பொறுத்தவரை 4.3 லிட்டர் வி6 போதும். 1988 மாடலிலிருந்து எஸ்-10இல் கிடைக்கும் இந்த என்ஜின், செவ்ரலேயின் புகழ்பெற்ற சிறிய வி8இலிருந்து இரண்டு சிலிண்டர்களைக் கழித்துச் செய்தது. ஆண்டைப் பொறுத்து 160 முதல் 190 வரை குதிரைத் திறன் தரும், அதாவது பழைய என்ஜினைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. காற்று நுழையும் வாயான த்ராட்டில் பாடி வழியாகப் பெட்ரோல் தெளிக்கும் பழைய வகைக்கு 9 முதல் 13 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் போதும், அதன் வயரிங்கும் எளிது. 1996 முதல் வந்த வோர்டெக் வகைக்கு ஏறத்தாழ 60 பி.எஸ்.ஐ. வேண்டும், திறன் கூடுதல், ஓபிடி-2 கருவியைச் செருகிப் பிழைகளைப் படிக்கலாம். ஆனால் அதன் தெளிப்பு வால்வுகள் ஒட்டிக்கொள்ளும் குணமுடையவை. இந்த இடத்தில் எல்லோருக்கும் 5.3 லிட்டர் வி8 ஆசை வரும். எஸ்-10இன் பின் ஆக்சிலிலுள்ள பல்சக்கரம் ஏழரை அங்குலம்தான். வி8இன் முறுக்கு விசைக்கு அது தாங்காது. அதை மாற்றினால், ரேடியேட்டரையும் வயரிங்கையும் மாற்றினால், ஒரே வண்டியிலிருந்து எடுக்கும் வசதி அங்கேயே உடைந்துவிடுகிறது.

கொடை வண்டியைப் பிரிப்பதற்கு முன், ஒவ்வொரு இணைப்பியிலும் பெயர் எழுதிய நாடாவை ஒட்டி, ஒவ்வொன்றையும் அது இருந்த இடத்தில் படம் எடுங்கள். என்ஜின் வயரிங்கையும் கம்ப்யூட்டரையும் வெட்டாமல் முழுதாகக் கழற்றுங்கள். ஏசி வாயுவைத் திறந்து வெளியே விடுவது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. சான்று பெற்ற கடையில் அதை உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். ஏர்பேக் உள்ள ஸ்டியரிங் என்றால் பேட்டரியைக் கழற்றிச் சிறிது நேரம் காத்திருந்த பிறகே அதைத் தொடுங்கள். 3100இன் கேபினைத் தூக்குவதற்கு முன் கதவு வாசல்களுக்குக் குறுக்கே சதுரக் குழாய்களைத் தற்காலிகமாக வெல்டிங் செய்துவிடுங்கள். இந்த வண்டிகளில் கேபினின் கீழ் மூலைகள் பெரும்பாலும் துருப்பிடித்திருக்கும். குறுக்குக் குழாய் இல்லாமல் தூக்கினால் கேபின் நெளிந்து, கதவு பிறகு ஒருபோதும் சரியாக மூடாது.

இப்போது சேஸிஸ் தரையில் தனியாக இருக்கிறது. சமதளத் தரையில் நான்கு தாங்கிகளின்மேல் அதை மட்டமாக நிறுத்தி, மூலைவிட்ட அளவுகள் இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாவற்றையும் முன் மட்கார்டிலிருந்து தொடங்குவது முக்கியம். முன் சக்கரம் மட்கார்டின் வளைவுக்கு நடுவில் இருக்குமாறு முன்பக்கத் தகடுகளை வைத்தால், கேபின் எங்கே நிற்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். கேபின் நின்றால் பின் தொட்டியின் இடமும், அதிலிருந்து பின் ஆக்சிலின் இடமும் தெரியும். கேபினில் தொடங்கியவர்கள் முன் சக்கரம் மட்கார்டின் ஓரத்தில் உரசுவதைக் கடைசியில் கண்டுபிடிக்கிறார்கள். ஸ்பிரிங் தாழும் உயரத்தைக் கணிக்க, என்ஜினும் கியர்பாக்ஸும் சேஸிஸில் இருக்கும்போதே இந்த அளவுகளை எடுங்கள்.

மிச்சமாகும் 1.9 அங்குலத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. தொட்டியைச் சிறிது பின்னுக்குத் தள்ளி, சக்கரம் வளைவின் நடுவிலிருந்து சற்று விலகி நிற்பதை ஏற்றுக்கொள்வது ஒன்று; கூர்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு மட்டுமே அது தெரியும். லீஃப் ஸ்பிரிங்கின் இரு பிடிமானங்களையும் ரிவெட் தேய்த்து எடுத்து, அதே அளவு முன்னே நகர்த்தி, உயர்தர போல்ட்டுகளால் பூட்டுவது மற்றொன்று. அப்போது ஆக்சிலுக்கு மேல் சேஸிஸ் வளையும் இடத்தில் போதிய இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டையும் கடையில் கொடுத்துக் குறுக்கிச் சமநிலை செய்ய வேண்டும்.

நீளமான சேஸிஸை வெட்டியே தீர வேண்டும் என்றால், வெட்டும் இடத்துக்கு இருபுறமும் மாறாத அடையாளப் புள்ளிகளைக் குத்தி, குறுக்கே உறுதியான குழாய்களைப் பற்றவைத்த பிறகே வெட்டுங்கள். நேர்கோட்டு வெட்டைவிடப் படிபோன்ற வெட்டு பலமானது; உட்புறத்தில் இணைப்புத் தகடும் வேண்டும். ஒரே மூச்சில் வெல்டிங் செய்தால் வெப்பத்தில் சேஸிஸ் முறுகும். சிறிது சிறிதாக, பக்கம் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். உங்கள் வெல்டிங்கின் மீது உங்களுக்கே ஐயம் இருந்தால், எல்லாவற்றையும் பொருத்தி வைத்துவிட்டு இந்த ஒரு வேலைக்குத் தேர்ந்தவரை அழையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பில் வெல்டிங் செய்தால் ஃபாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உருவாகும். அந்தக் குப்பியைப் பட்டறையின் அந்தப் பக்கமே வைக்காதீர்கள். துத்தநாகம் பூசிய பாகங்களின் புகையும் காய்ச்சலை உண்டாக்கும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பற்றவையுங்கள்.

கேபினுக்கும் ரேடியேட்டர் சட்டத்துக்கும் தொட்டிக்குமான பிடிமானங்கள் ஆயத்தத் தொகுப்புகளாகவே விற்கின்றன. காசு அனுமதித்தால் வாங்கிவிடுங்கள். நீங்களே செய்தால் பழைய வண்டியில் இருந்ததுபோல் ரப்பர் வைத்தே பொருத்துங்கள். கேபினைச் சேஸிஸோடு நேரடியாக வெல்டிங் செய்தால் சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் தகட்டில் வெடிப்பாக வெளிவரும். 4.3 என்ஜினில் சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் பின்புறம் இருப்பதால், என்ஜின் அறையையும் கேபினையும் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டுக்கும் அதற்கும் இடையே மூடியைக் கழற்றும் அளவுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் அந்த இடத்தில் ஒரு குழிவு அமைக்க வேண்டியிருக்கும்.

பிரேக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. 3100இன் மிதிகள் தரை வழியாக வருபவை. மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே இருந்தது. எஸ்-10இல் மிதியின் விசையைக் கூட்டும் பூஸ்டரும் மாஸ்டர் சிலிண்டரும் ஃபயர்வாலில் உட்காருபவை. ஃபயர்வாலை வலுப்படுத்தி எஸ்-10 முறையில் தொங்கும் மிதியை வைப்பதே ஒரே வண்டிக் கொள்கைக்குப் பொருந்தும். அழகுக்காகத் தரைக்குக் கீழேயே வைக்க விரும்பினால், பிரேக் எண்ணெய் திரும்பி வடிந்துவிடாமல் இருக்க டிஸ்க் வழிக்கு 2 பி.எஸ்.ஐ., டிரம் வழிக்கு 10 பி.எஸ்.ஐ. தேக்க வால்வுகள் அவசியம். அவை இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் மிதி பாதியளவு கீழே போன பிறகே பிடிக்கும். ஸ்டியரிங் தண்டில் இரண்டு ஜாயின்ட்டுகளுக்குள் முடிக்கப் பாருங்கள். மூன்றாவது தேவைப்பட்டால் இடையில் ஒரு தாங்கு பேரிங் கட்டாயம்.

1949 முதல் 3100இன் பெட்ரோல் தொட்டி கேபினுக்குள், இருக்கைக்குப் பின்னால் இருந்தது. எஸ்-10இன் பெட்ரோல் தொட்டி சேஸிஸோடு வருவதால் முதுகுக்குப் பின்னால் பெட்ரோலைச் சுமக்கும் அந்த ஏற்பாட்டுக்கு விடைகொடுக்கலாம். நிரப்பும் வாயை மட்டும் பின் மட்கார்டுக்கோ சரக்குத் தொட்டியின் பக்கத்துக்கோ மாற்ற வேண்டும். அழுத்தம் கூடிய வோர்டெக் என்ஜினுக்குச் சாதாரண ரப்பர் குழாய் ஆகாது. உயர் அழுத்தப் பெட்ரோலுக்கான எஸ்ஏஇ 30ஆர்9 தரக் குழாயே வேண்டும்.

பெரும்பாலான வண்டிகள் பாதியில் நின்றுபோவது வயரிங்கில்தான். எஸ்-10இன் என்ஜின் வயரிங்கைத் தொடாமல் அப்படியே வைத்து, விளக்குகளுக்கும் ஹாரனுக்கும் துடைப்பானுக்கும் தனியாக ஒரு புதிய 12 வோல்ட் வயரிங் தொகுப்பைப் போடுங்கள். இரண்டும் சந்திக்கும் இடங்கள் மிகச் சில. பழைய ஆறு வோல்ட் மீட்டர்களை வைத்திருக்க விரும்பினால் மின்னழுத்தக் குறைப்பான் வேண்டும். கியர்பாக்ஸ் மின்னணு முறையில் மாறும் 4எல்60-இ என்றால், வேக உணரியின் கம்பியை மறந்துவிடாதீர்கள். கம்ப்யூட்டருக்கு வேகம் தெரியாவிட்டால் கியர் ஒழுங்காக மாறாது. பிந்தைய ஆண்டு வண்டிகளில் திருட்டுத் தடுப்பு ஏற்பாடு கம்ப்யூட்டரில் இருக்கும்; அதை நீக்கித் தருபவர்களிடம் கம்ப்யூட்டரை அனுப்பி நிரலை மாற்றி வாங்குங்கள். என்ஜினிலிருந்து சேஸிஸுக்கும், சேஸிஸிலிருந்து கேபினுக்கும் தடித்த எர்த் கம்பிகள் போடுங்கள். ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும் கேபினுக்கு வேறு எர்த் கிடையாது. விளக்கு மங்குவது, மீட்டர் ஆடுவது என்று வரும் புதிர்களில் பாதி இந்த ஒரு கம்பியில் தீரும்.

பெயின்ட்டுக்கு முன் வண்டியை ஓட்டிப் பாருங்கள். முதலில் நின்ற இடத்தில் பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து மிதி தாழ்கிறதா என்று பார்த்து, பிறகு வீட்டு முகப்பில் மெதுவாக உருட்டி, ஒழுகல் எதுவும் இல்லை என்று உறுதியானபின் தெருவுக்கு எடுங்கள். புதிதாகப் போட்ட எல்லாப் போல்ட்டுகளையும் முதல் சில ஓட்டங்களுக்குப் பின் மறுபடி முறுக்கிப் பாருங்கள். 3100இல் பிறப்பிலேயே இருக்கை வார் கிடையாது. தோள் வாரோடு சேர்த்துப் போட்டு, அதன் பிடிமானத்தைத் தகட்டில் மட்டும் விடாமல் அடியில் தடித்த இரும்புத் தகடு கொடுத்துப் பூட்டுங்கள். இருக்கையும் கண்ணாடியும் தொட்டியின் மரத் தரையும் ஏறி முழு எடை வந்த பிறகே சக்கர அலைன்மென்ட் கடைக்குப் போங்கள். அங்கே 3100இன் பழைய அளவுகளைக் கொடுக்காமல், கொடை வண்டியின் ஆண்டையும் மாடலையும் சொல்லி எஸ்-10இன் அளவுகளுக்கே அமைக்கச் சொல்லுங்கள்.